எந்தப் பக்கத்தில் நின்றாய்

“அந்த மனிசன் குர்ஆனை எரிக்கக்குள்ள நீ எங்க இருந்த?”

பனிச்சங்கேணியில் கூட்டாளி நிலோஜனின் வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த தம்பி மின்ஹாஜிடம் ஸுஹைனா கேட்டாள்.

அவன் டென்மார்க்கில் பஸ் ஓட்டுகிறான். பல வருடங்களுக்குப் பிறகு வந்திருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் அவள் ஓட்டமாவடியிலிருந்து தனியாக வந்திருந்தாள்.

எரித்தது ஒரு முஸ்லிம் நாட்டுத் தூதரகத்துக்கு முன்னால், அந்தத் தெருவில்தான் அன்று தன் பஸ்ஸை மறித்திருந்தார்கள் என்றான். கண்ணாடிக்குள்ளால் எல்லாம் தெரிந்ததாம். ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துவிட்டானாம். பின் சீற்றில் இருந்த அந்த நாட்டுக் கிழவி ஒருத்தி எழும்பி வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாளாம்.

பிறகு அங்கே சட்டம் வந்ததை ஸுஹைனா செய்தியில் கேட்டிருந்தாள். வேத நூல்களைப் பொது இடத்தில் அவமதித்தால் தண்டனை. ஊரில் பலருக்கும் சந்தோஷம். அவளுக்கும்தான்.

அவனுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும் என்றாள்.

இல்லை என்றான். அந்தச் சட்டம் வேண்டாம் என்று கூடியவர்களோடு தானும் போய் நின்றதாகச் சொன்னான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று முகம் கவிழ்த்தவன் அங்கே போய் ஏன் நின்றான் என்று அறிய வேண்டும் போலிருந்தது. எரித்தவனும் அந்தக் கூட்டத்தில் நின்றானா, பக்கத்தில் நின்றவர்கள் இவனை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனும் பொறுமையாகச் சொன்னான்.

“இண்டைக்கு எரிச்சவனைப் பிடிப்பாங்க ராத்தா. நாளைக்கு எழுதினவனையும் பிடிக்கச் சொல்லி ஆள் வரும்.”

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

ஊரில் இருந்த காலத்தில் முகநூலில் அவன் எழுதிய ஒரு கவிதைக்காக, மார்க்கத்தை இழிவுபடுத்தினான் என்று பொலிஸ் அவனைக் கூட்டிப்போனது அவளுக்கு மறக்கவில்லை. மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் ஊர் அவனை விடவில்லை. அதனால்தான் நாட்டை விட்டுப் போனான். இப்போதும் ஊருக்குள் வராமல் கூட்டாளி வீட்டில் தங்கியிருக்கிறான்.

அஸர் தொழுகைக்கு நேரமானது. நிலோஜன் உள்ளறையில் பாயை விரித்தான். எந்தப் பக்கமாக விரிப்பது என்று அவன் கேட்கவில்லை. மின்ஹாஜ் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அவன்தான் விரிக்கிறானாம்.

மின்ஹாஜ் தொழுகையையே விட்டவன் என்றுதான் ஊரில் பேச்சு.

அவன் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினான். ஸுஹைனா பின்னால் நின்று போனில் ஒரு படம் எடுத்தாள்.

அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் கையாலேயே கணவருக்குக் காட்ட வேண்டும். பார்க்கும்போது அவருடைய முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எங்கே எடுத்தாய் என்று கேட்பார். ஆஸ்பத்திரிக்கென்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பரவாயில்லை, உண்மையையே சொல்லலாம்.

அன்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தவர் அவர்தான்.