ஒரே மட்டம்

"நடுக்கொம்பு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குதுங்க. அதையும் வளைச்சுக் கட்டிடவா?" என்று கேட்டாள் ராதா.

"மெதுவா. ஒடிச்சிடாத. கொழுந்தெல்லாம் ஒரே மட்டத்துல இருந்தாத்தான் வெளிச்சம் சமமாப் படும்" என்றான் தேவராஜ்.

பின்னறை ஜன்னல்களில் கறுப்புத் துணி. பேட்டரியில் எரியும் விளக்குகளுக்குக் கீழே தொட்டிகள். விரல் விரலாகப் பிரிந்த இலைகளை அவன் பாசத்தோடு தடவிக்கொடுத்தான். சமையல்கட்டை எட்டிக்கூடப் பார்க்காத மனிதன், கைபேசியைப் பார்த்தே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தான்.

வியாபாரம் படுத்துக் கடையை மூடியபின் கஞ்சா வளர்க்கப் போவதாக அவன் சொன்னதும் ராதா ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மறுநாள் என்ன நினைத்தாளோ, தானே மண் கலந்து விதையும் ஊன்றினாள். பெண்டாட்டி அமைந்தால் இப்படி அமைய வேண்டும் என்று அவனுக்குப் பெருமை.

"மாட்டினா இன்சீன் ஜெயில்தான். உனக்குப் பயமா இல்லையா?"

"எனக்கென்னங்க பயம். அந்தக் கயிறை எடுங்க."

வாசல் கதவு தட்டப்பட்டது. போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

"கரண்டு போய்த் தெருவே இருட்டாக் கிடக்கும்போது, உங்க பின்னறையில மட்டும் வெளிச்சம் கசியுதாம். என்ன வச்சிருக்கீங்க?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

மடியில் கனம், வழியில் பயம். தேவராஜ் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். பிள்ளைகள் முகம் கண்முன் வந்து போனது.

"செடிதாங்க சயா. வந்து பாருங்க" என்று பர்மிய மரியாதைச் சொல்லால் அழைத்து, ராதாவே பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். குடியைக் கெடுத்தாளே பாவி என்று அவன் பின்னாலேயே ஓடினான்.

போலீஸ்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்தார். அப்புறம் வாயில் போட்டு மென்றார். முகத்தைச் சுளித்தவர் சிரிக்கத் தொடங்கினார்.

"ஏம்மா, புளிச்சக்கீரைக்கா இத்தனை விளக்கு, இத்தனை கயிறு? உங்க வீட்டுக்காரருக்கு வேற வேலை இல்லையா?"

வீட்டுக்கென்று ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

தேவராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். ராதா கதவைத் தாழிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களை ஜெயில்ல வந்து பார்க்கிற தெம்பு எனக்கு இல்லைங்க. அதான் நீங்க வாங்கியாந்த விதையை அன்னைக்கே சாக்கடையில கொட்டிட்டு, சந்தையில கீரை விதை வாங்கி ஊன்றினேன்."