இரண்டு சொட்டு எண்ணெய்

நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகள் முத்தரசி அங்கே பேனா பிடித்து எழுதுவதை, கோவில்பட்டி வீட்டிலிருக்கும் பிரிண்டர் அவள் கையெழுத்திலேயே தாளில் எழுதிக் கொடுக்கும். ஒரு மாதமாக அந்த எழுத்து நடுங்கியது. அம்மா செண்பகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் சகாயராஜ் வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. இங்க் பெட்டி ஓடுற கம்பி காஞ்சு கெடக்கு. எண்ணெய் போட்டு எத்தன வருசமாச்சு?”

“ரெண்டு வருசம் இருக்கும். என் தப்புதான்.”

தப்பு தன்னுடையதாக இருந்ததில் அவளுக்கு அத்தனை நிம்மதி.

சகாயராஜ் பழைய பிசுக்கைத் துடைத்து, கம்பியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். சோதனைக்காகப் பிரிண்டரை ஒரு கோடு போட வைத்தார். அடிக்கோல் வைத்து இழுத்தது போல நேராக வந்தது. செண்பகவல்லி சிரித்துக்கொண்டே அவருக்குக் காபி போடப் போனாள்.

பால் காய்வதற்குள் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அன்றைய கடிதம். ஓடி வந்தாள். சகாயராஜ் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். உச்சியில் பிள்ளையார் சுழி நடுங்கியிருந்தது. அதன் கீழே, “அம்மா, நான் நல்லா இருக்கேன்.”