தொப்பியிலா, படகிலா?

"தண்ணியில விழுந்தா என்ன ஆகும்?"

"நனையும் சார், அவ்வளவுதான். எடுத்துத் தொடைச்சா மறுபடியும் படம் பிடிக்கும்" என்றார் கேமராக் கடைக்காரர். சொன்னதோடு நிற்காமல், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான அந்தக் கேமராவை மேஜை மேலிருந்த கண்ணாடித் தொட்டிக்குள் போட்டும் காட்டினார்.

கேள்வி கேட்ட அச்சகக்காரர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"இதுதான் வேணும். எதிர்வீட்டுக்காரர் வாயை அடைக்கணும். போன வாரம் நான் பிடிச்ச மீனைப் பார்த்துட்டு, 'இது கடல் மீனாச்சே, ஏரியில எப்படி மாட்டுச்சு?'ன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கேட்டுட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"வழி தவறி வந்திருக்கும்னு சொன்னேன்."

பின்னால் நின்ற அவர் மனைவி, பக்கத்தில் நின்ற தன் தம்பியை முறைத்தாள். தம்பி சுவரில் தொங்கிய கேமராப் பைகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"இதைத் தொப்பியிலயும் மாட்டலாம்" என்றார் கடைக்காரர். "ஆனா மீன் பிடிக்கப் படகு விளிம்புதான் சரி. இந்தக் கவ்வியை வெச்சுத் திருகிட்டா அசையாது. தூண்டில், தண்ணி, படகுல இருக்கிற ஆளுங்க எல்லாமே படத்துல விழும். நீங்க தூங்கினாலும் அது தூங்காது."

"தூங்கினாலுமா?" என்றாள் மனைவி.

"மத்தியானம் சாப்பிட்டதும் படகுலயே கொஞ்சம் கண்ணசருவேன்" என்றார் அச்சகக்காரர் கூச்சத்தோடு. "முழிச்சுப் பார்த்தா மீன் மாட்டியிருக்கும். என் ராசி அப்படி."

"ராசிதான்" என்று முனகினான் தம்பி.

கடைக்காரர் வாசலோரம் கிடந்த பெஞ்சில் கவ்வியை மாட்டிக் காட்ட அச்சகக்காரரைக் கூட்டிப் போனார். மனைவி தம்பியை அலமாரி மூலைக்கு இழுத்தாள்.

"அறிவிருக்காடா? ஏரிக்குப் போற ஆளுக்கு யாராவது கடல் மீன் வாங்குவாங்களா?"

"சந்தையில அன்னைக்கு அதுதான்க்கா பெரிசா இருந்துச்சு."

அச்சகத்தை மகன் கையில் கொடுத்தபின் தூண்டிலைத் தூக்கியவர் அவர். ஞாயிறுதோறும் போவார், வெறுங்கையோடு வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அதனால்தான் தம்பியைத் துணைக்கு அனுப்பினாள். போகும் வழியில் ஒரு மீனை வாங்கிப் பையில் ஒளித்துக்கொள்ள வேண்டியது, மாமா குறட்டை விட ஆரம்பித்ததும் அதைத் தூண்டிலில் கோத்துத் தண்ணீரில் விட வேண்டியது. இதுதான் தம்பியின் வேலை.

"படகுல கேமரா வெச்சா குட்டு வெளிப்பட்டுடும்க்கா. தொப்பின்னா பரவாயில்லை. தூங்கும்போது அதை மூஞ்சி மேலதான் போட்டுக்குவார்."

"எப்படியாவது தொப்பியிலயே மாட்ட வெச்சுடு. விஷயம் தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்டா."

அச்சகக்காரர் கவ்வியோடு திரும்பி வந்தார். "படகுலயே மாட்டிடுவோமா?"

"துருப்பிடிச்சுடும்ங்க."

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேடம்" என்றார் கடைக்காரர்.

"படகு ஆடும் மாமா. வீடியோ பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும்."

"ஆட்டத்தை அதுவே சரி பண்ணிக்கும் தம்பி."

விட்டால் அந்தக் கவ்வியைக் கடைக்காரர் வாயிலேயே மாட்டியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"தொப்பி போட்டா நீங்க எடுப்பா இருப்பீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை அது. அச்சகக்காரர் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கவ்வியை மேஜை மேல் வைத்தார்.

"சரி, தொப்பியே இருக்கட்டும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மனம் மாறுவதற்குள் பில் போடச் சொல்லிக் கடைக்காரரைக் கல்லாவுக்கு விரட்டிக்கொண்டு போனாள்.

அச்சகக்காரர் மச்சினன் தோளில் கையைப் போட்டு, குரலைத் தணித்தார்.

"தொப்பிதான் நல்லது மாப்ளே. மூஞ்சி மேல கவுத்துக்கிட்டா படத்துல வானம் மட்டும்தான் விழும்."

"எ... எதுக்கு மாமா அதை என்கிட்ட சொல்றீங்க?"

"இந்த வாரமாவது ஏரி மீனா, உயிரோட இருக்கிறதா பார்த்து வாங்கு. கேமராவுல துடிக்கணும்ல? உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. ஆசையா செய்றா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. அப்புறம் இன்னொண்ணு, கொஞ்சம் சீக்கிரமா கோத்து விடு. நீ முடிக்கிற வரைக்கும் குறட்டை விட்டு விட்டு எனக்குத் தொண்டை காஞ்சு போகுது."