நாடி பார்க்கும் கருவி

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சமையலறைத் தரையில் கிடத்தியிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, அந்த நிழலின் நடுவே அம்மா நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மருமகள் இறந்ததிலிருந்து இப்படித்தான்: திடீரென்று படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல். மூன்று டாக்டர்கள் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. மகன் அருகில் சம்மணமிட்டு, மனைவியின் நோய்க்காக வாங்கிய நாடி பார்க்கும் கருவியை அம்மாவின் விரலில் மாட்டுகிறான். நகத்தின் மேல் சிவப்பு வெளிச்சம் கசிகிறது. எண்பத்திரண்டு.

"நல்லாத்தாம்மா இருக்கு. மெதுவா மூச்சை இழுத்து விடு." "நெஞ்சு வாய் வழியா வெளிய குதிச்சிடும் போல இருக்கு, இது எண்பத்திரண்டுங்குது! உன் டாக்டருங்க மாதிரியே இதுவும் புளுகுது. எங்கே, உன் விரல்ல மாட்டு பார்ப்போம்." கருவி கெடவில்லை என்று காட்டத்தான் அவன் மாட்டிக்கொள்கிறான். எண் ஏறிக்கொண்டே போய் நூற்றிருபதில் நிற்கிறது. குழாயிலிருந்து ஒரு சொட்டு பாத்திரத்தில் விழுகிறது. அவன் கருவியைக் கழற்றப் போகிறான். அம்மா நெஞ்சிலிருந்த கையை எடுத்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "எப்போலேருந்துடா கண்ணா?" அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறான். "சரி, சொல்ல வேணாம். மெதுவா இழு. விடு." அவள் கை இன்னும் நடுங்குகிறது, பிடி தளரவில்லை.