நீங்க இறங்கினாத்தான்

பனிக்கால கிரிக்கெட் லீக்கில் தையல்காரர் ஆடிய முதல் நான்கு மேட்சிலும் தோல்வி. விரலில் அடிபட்டு அவர் உட்கார்ந்ததும், அவர் இடத்தில் இறங்கிய மருந்துக்கடைக்காரர் அடுத்த நான்கையும் ஜெயித்துக் கொடுத்து, அணியை ஃபைனலுக்கே கொண்டுபோய்விட்டார்.

தையல்காரருக்கு வயிறு எரிந்தது.

"மாத்திரை எண்ணுற கைக்கு பேட்டைப் பத்தி என்ன தெரியும்? எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்!"

"அந்தக் கோபத்துல காலரைத் திருப்பி வச்சுத் தைக்கிறீங்க பாருங்க" என்றாள் மனைவி.

போன் அடித்தது. பேசி முடித்தவருக்கு முகமெல்லாம் பல்.

"கேப்டன்தான்! விரல் ஆறிடுச்சான்னு விசாரிச்சார். ஃபைனல்ல நான் இறங்கினாத்தான் ஜெயிக்க முடியுமாம். கெஞ்சாத குறை! இனி அந்த மருந்துக்கடை மூஞ்சியை எங்கே வச்சுக்கும்?"

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "புது நம்பரா இருக்கே?"

"குரலும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பனிக்குத் தொண்டை கட்டியிருக்கும்."

அவள் திருப்பிக் கூப்பிட்டாள். "நீங்க எந்த கேப்டன்ங்க?"

"ஃபைனல்ல உங்க வீட்டுக்காரர் டீமை எதிர்த்து ஆடுறோமே, அந்த டீம் கேப்டன்மா. அவரைக் கண்டிப்பா இறங்கச் சொல்லுங்க!"