எவ்வித ஒளியும் கூடாது

சங்க ஆபீஸ் வாசலில் இருந்த போர்டை அவள் மூன்றாவது முறை படித்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

'பதிவு செய்யாமல், மாலை ஏழு மணிக்குமேல் குடியிருப்போர் யாரும் எவ்வித ஒளியும் எழுப்பக் கூடாது.'

ஒலி இல்லை. ஒளி.

உள்ளே நகர் சங்கச் செயலாளர் கனகசபாபதி பதிவேட்டை மூடிவிட்டார். வீட்டில் நாலு பேர் கூடுவதென்றால் மூன்று நாள் முன்னால் வந்து எழுதிவைக்க வேண்டுமாம். தோழியின் பரீட்சை ரிசல்ட் இன்றைக்கு மத்தியானம்தான் வந்தது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை கொண்டாடுங்கள் என்றார். சந்தோஷத்துக்கு மூன்று நாள் நோட்டீஸ் கேட்கிற ஊரை அவள் இங்கேதான் பார்க்கிறாள்.

அந்தத் தோழி பவுலின், பதினொரு அரியர் வைத்திருந்தவள். இரண்டு வருஷமாக வகுப்பில் எல்லார் வாய்க்கும் அவல் அவள்தான். இன்று பதினொன்றும் பாஸ். இதற்கு ஆடாமல் வேறெதற்கு ஆடுவது?

ஆனால் காலேஜ் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து இருக்கிற அவர்கள் வாடகை வீட்டின் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார், சிவப்பு மையில். ஒன்று, மாடியில் பாட்டுப் போட்டது. இன்னொன்று, சத்தமாகச் சிரித்தது. மூன்றாவது விழுந்தால் காலி செய்தாக வேண்டும். கடைசி செமஸ்டருக்கு இருபது நாள் இருக்கிறது. ஐந்து பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

விடியற்காலை ஐந்து மணிக்கே கோயில் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். அதற்குப் பதிவேடு கிடையாது. விதி இவர்களுக்காகப் போட்டது. பார்க்க நியாயமாகத் தெரியட்டுமே என்று 'குடியிருப்போர் யாரும்' என்று எழுதியிருந்தார்கள்.

போர்டில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது என்று பணிவாகத்தான் சொன்னாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சங்கம் கூடி நிறைவேற்றிய விதி, ஒரு எழுத்து மாறாது என்றார்.

சரிங்க சார் என்று வந்துவிட்டாள்.

ஏழு மணி ஆனது.

ஒரு விளக்கு விடாமல் அணைத்தார்கள். செல்போன்களைத் தலையணைக்கு அடியில் போட்டார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் லைட் எரியுமே என்று கேக்கை முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்தார்கள்.

பிறகு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள் பாருங்கள், அப்படி ஓர் அடி. கும்மிருட்டில் ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தாள். கேக் யார் வாயில் போயிற்று, யார் மூக்கில் போயிற்று என்று தெரியவில்லை. பவுலின் அழுதுகொண்டே ஆடினாள்.

கால்மணி நேரத்தில் கேட் தட்டப்பட்டது.

கனகசபாபதி. ஒரு கையில் பதிவேடு, மறு கையில் டார்ச்.

அவள் வாசலுக்குப் போய் நின்றாள்.

"உள்ள ஒரு பொட்டு ஒளி இல்லீங்க சார். நீங்கதான் டார்ச் அடிக்கிறீங்க. பதிஞ்சுட்டீங்களா?"

அது எழுத்துப் பிழை என்றார். ஒரு எழுத்து மாறாது என்றீர்களே என்றாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டார்ச்சைப் பட்டென்று அணைத்தார்.

இப்போது எழுத வெளிச்சம் இல்லை. தெருவிளக்கு எரிந்து மூன்று மாதமாகிறது. எதிர்வீட்டு வாசலில் மட்டும் பல்பு எரிந்தது.

மயிலாத்தாள் வீடு. இரண்டு புகாரிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே மயிலாத்தாள்.

அவர் விறுவிறுவென்று அங்கே நடந்தார். படியில் பதிவேட்டை விரித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். இதோ ரெண்டு வரி எழுதித் தருகிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

பக்கெட் நின்றுவிட்டது. ஐந்து பேரும் கேட் ஓரம் வந்து நின்றார்கள். போயிற்று வீடு என்று அவள் நினைத்தாள். நினைத்தாலும் தலையைக் குனியவில்லை.

மயிலாத்தாள் கதவோரம் நின்று தெருவைத் தாண்டி அவர்களைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் இந்தத் தெருவில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்ன விசேஷம், கண்ணு?"

பவுலின் மூக்கை உறிஞ்சினாள். பதினொரு பேப்பர் பாக்கி இருந்தது, எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிட்டேன் என்றாள்.

மயிலாத்தாள் கதவுக்குப் பின்னால் கையை நீட்டினாள். படியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள்.

"இந்த பல்ப நானும் பதியலீங்களே."

ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.