பாதிக் கூடு

பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட தபால்காரி, மாவுக்கட்டோடு சன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். வெளியே மொட்டையாய் நின்ற செடி இன்று தளிர்விட்டிருக்கிறது. இளவெயிலில் ஒரு சிட்டு நார் நாராகக் கொண்டுவந்து அதில் கூடு பின்னுகிறது. வேலியடியில் பக்கத்து வீட்டுப் பூனை வயிறு தரையில் உரசப் பதுங்கி வருகிறது. சன்னலைத் தள்ளுகிறாள், ஈரத்தில் உப்பிய சட்டம் அசைய மறுக்கிறது. "என்னங்க, அந்தப் பூனையக் கொஞ்சம் விரட்டுங்களேன்." அடுக்களையில் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே கணவன், "இதோ வரேன்" என்கிறான். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் இதே 'இதோ'தான். பூனை செடியடிக்கு வந்துவிட்டது. கைக்கு அகப்பட்ட கரண்டியால் கண்ணாடியை ஓங்கித் தட்டுகிறாள். பூனை காதைக்கூடத் திருப்பவில்லை. சிட்டுதான் மிரண்டு, வாயிலிருந்த நாரைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டிப் பறக்கிறது. ஏமாந்த பூனையும் மெல்லத் திரும்பி நடக்கிறது. ஈரக்கையைத் துடைத்தபடி வந்த கணவன் வெளியே எட்டிப் பார்க்கிறான். "பாத்தியா, அது தானாவே போயிடுச்சு." அவள் பாதி பின்னிய கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.